எழுந்து நின்றால் இருளும் கண்கள்

படுத்திருந்த ஒருவர் எழுந்து நிற்கிறார். நின்ற கணத்தில் கண் இருள்கிறது, தலை கிறுகிறுக்கிறது, அருகிலுள்ள தூணைப் பற்றிக்கொள்கிறார். சில நொடிகளில் தெளிவு பிறக்கிறது. பற்றுவதற்குத் தூண் இல்லையெனில் தரையில் சாய்கிறார். உலகெங்கும் மாந்தர் அறிந்த அனுபவம் இது. ஏழைக்கும் செல்வர்க்கும், இளைஞர்க்கும் முதியோர்க்கும் இது நேர்கிறது.

தமிழ்ப் பேச்சு வழக்கு இதனைக் கூர்மையாகவே கண்டிருக்கிறது. ‘கண்ணை இருட்டுகிறது’ என்பது ஒன்று. ‘தலை சுற்றுகிறது’ என்பது ஒன்று. ‘மயங்கி விழுந்துவிட்டார்’ என்பது மற்றொன்று. மூன்றும் மூன்று நிலைகள். ஆயினும், காரணம் யாதென வினவினால் மூன்றுக்கும் ‘பித்தம்’ என்னும் ஒரே விடையே நம் இல்லங்களில் கிடைக்கிறது. ஓர் எலுமிச்சம்பழச் சாறும் சிறிது ஓய்வும் தந்து அத்துடன் செய்தியை முடித்துவிடுகிறோம். சித்த மருத்துவ நூல்கள் பித்தத்தைப் பற்றிக் கூறியவை விரிவானவை, ஆழமானவை. வீட்டுப் பேச்சில் வழங்கும் பித்தமோ ஆராய்ச்சிக்கு இடும் முற்றுப்புள்ளி. அந்த முற்றுப்புள்ளியால் பல நேரங்களில் உயிருக்கே ஊறு விளைகிறது. எனவே இந்நோயை முன்னோர் எவ்வாறு கண்டனர், எவ்வாறு பகுத்தனர், பின்வந்தோர் அதன் காரணத்தை எவ்வாறு அளந்து அறிந்தனர் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

திருவண்ணாமலையில் இரு நிகழ்ச்சிகள்

இவ்வாராய்ச்சிக்குத் தொடக்கமாகத் திருவண்ணாமலையிலேயே இரு நிகழ்ச்சிகள் கிடைக்கின்றன. இரண்டும் ரமண மகரிஷியின் வாழ்க்கை வரலாற்றில் இடம்பெற்றவை. அந்த வரலாற்றை 1931-இல் நரசிம்ம சுவாமி எழுதி வெளியிட்டார்.

வேங்கடராமன் என்னும் இயற்பெயர் கொண்ட அவ்விளைஞர் 1896 செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். மறு ஆண்டு நகரின் புறத்தே உள்ள குருமூர்த்தம் என்னுமிடத்தில் தங்கினார். அப்பொழுது அவருக்கு வயது பதினேழு. நாளொன்றுக்கு ஒரு கிண்ண உணவே ஆகாரம். சுவரில் சாய்ந்து அமர்ந்தவர் அசையாமல் நாட்களைக் கழித்தார். உடல் மெலிந்தது. வெளியே செல்ல எண்ணி எழ முயன்றால், சில அங்குலம் எழும்பியதும் தளர்ச்சியும் தலைச்சுற்றலும் அவரை மீண்டும் அமரச் செய்துவிடும். பல முறை முயன்ற பின்னரே எழுந்து நிற்க முடியும். ஒரு நாள் இவ்வாறு எழுந்து வாயில்வரை வந்துவிட்டார். தம்மைப் பழனிசுவாமி என்னும் அன்பர் தாங்கிக்கொண்டிருப்பதை உணர்ந்து, ஏன் பிடிக்கிறாய் என்று கேட்டார். விழ இருந்தீர்கள், அதனால் பிடித்தேன் என்று விடை வந்தது. தாம் இரு கைகளாலும் கதவைப் பற்றி நின்றிருந்தும், விழும் நிலையிலிருந்ததை அவர் அறியவில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி 1912-இல் நடந்தது. விரூபாட்ச குகையில் வாழ்ந்த காலம் அது. ஒரு நாள் காலை அன்பர்களுடன் பச்சையம்மன் கோயிலுக்குச் சென்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, வெயில் ஏறிய வேளையில் மலைப்பாதையில் திரும்பிக்கொண்டிருந்தார். ஆமைப்பாறையருகே வரும்பொழுது உடலில் தளர்ச்சி தோன்றியது. எதிரே இருந்த காட்சி மறைந்து, வெண்திரை ஒன்று கண்ணின் குறுக்கே இழுக்கப்படுவதுபோல் இருந்ததாம். விழுந்துவிடுவோம் என்று நின்றார், தெளிந்தது. நடந்தார், மறுமுறையும் வந்தது. மூன்றாம் முறை காட்சி முழுவதும் மறைந்தது, தலை சுழன்றது, மூச்சும் நாடியும் நின்றன, தோல் நீலம் பாரித்தது. உடன் வந்த வாசுதேவ சாஸ்திரி, உயிர் பிரிந்துவிட்டதெனக் கருதி அவரைத் தழுவி அழுதார். பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குப் பின் நாடி திரும்பியது, உடல் வியர்த்தது.

இவற்றுள் ஆன்மிகப் பொருள் காண்பது அவர்தம் அன்பர்களின் உரிமை. அதில் நாம் நுழைய வேண்டியதில்லை. ஒருவருடைய நோயை நூற்றாண்டு கடந்து உறுதி செய்வதும் எவராலும் ஆகாதது. எனினும் நிகழ்ச்சி விவரங்கள் மருத்துவ மாணவனுக்குப் பாடமாக அமைந்தவை. முதலாவதில் குறைந்த உணவு, நெடுநாள் அசையாமை, எழும்பொழுது மட்டும் தோன்றும் தலைச்சுற்றல். இரண்டாவதில் எண்ணெய்க் குளியல், வெயில், மலையேற்றம், படிப்படியாகக் கண்ணை மூடிய திரை, பிறகு முழு மூர்ச்சை. நாம் இரண்டையும் ‘மயக்கம்’ என்றே சொல்லிவிடுவோம். ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரபு மொழியில் எழுதிய மருத்துவர்கள் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருந்தனர்.

மூன்று சொற்கள், மூன்று நோய்கள்

கி.பி. 1037-இல் மறைந்த இப்னு ஸீனாவின் ‘அல்கானூன் ஃபித்திப்பு’ ஐந்து பாகங்களைக் கொண்டது. அதன் மூன்றாம் பாகம் தலை முதல் கால் வரையிலான நோய்களை முறையே கூறுகிறது. தலை நோய்களுள் ‘துவார்’, ‘ஸதர்’ என இரண்டை அவர் அடுத்தடுத்து வைக்கிறார். துவார் என்பது சுழற்சி. சுற்றியுள்ள பொருள்களும் தன் தலையும் சுழல்வதாக நோயாளிக்குத் தோன்றி, நிலைகொள்ள முடியாமல் விழுவது. ஸதர் என்பதற்கு அவர் தரும் விளக்கமே நம் தலைப்பின் பொருள்: மனிதன் எழுந்து நிற்கும்பொழுது கண் இருண்டு, விழும் நிலைக்கு ஆளாவது. எழுதல், கண் இருளல், சாய்தல் என மூன்றையும் ஒரே தொடரில் கட்டிவிட்டார்.

மூன்றாவது சொல் ‘கஷ்யு’. இது முழு மூர்ச்சை. இதனை இப்னு ஸீனா தலை நோய்களுடன் வைக்கவில்லை. இதய நோய்களுடன் வைத்தார். உணர்வும் அசைவும் அற்றுப்போவதற்கு மூலம் இதயத்தின் தளர்ச்சியே என்பது அவர் கொள்கை. உடலிலிருந்து குருதி முதலியன மிகையாக வெளியேறுதல், கடும் வலி, பேரச்சம், பெருந்துயர், ஏன், பெருமகிழ்ச்சியும்கூட இதற்குக் காரணமாகும் என அவர் வகுத்தார். முகத்தில் குளிர்ந்த நீர் தெளித்தல், நறுமணம் முகரச் செய்தல், கைகால்களைத் தேய்த்தல் ஆகியவை அக்கால மருத்துவ முறைகள். தலையில் தோன்றும் மயக்கத்துக்கு இதயத்தில் காரணம் தேடியது சிறிய செய்தியன்று.

இச்சொற்களின் வேர்களும் சிந்திக்கத்தக்கவை. ‘கஷிய’ என்றால் மூடியது, போர்த்தியது என்பது பொருள். ‘ஸதிர’ என்றால் பார்வை தடுமாறியது என்பது பொருள். ஆமைப்பாறையருகே வெண்திரை மூடியது என்று திருவண்ணாமலையில் ஒருவர் தம் அனுபவத்தைச் சொன்னபொழுது, அரபு மொழி அச்சொல்லுக்குள் வைத்திருந்த உருவகத்தையே தம்மையறியாமல் சொன்னார். உடல் எங்கும் ஒன்றுதான். அது பேசும் மொழியும் ஒன்றுதான்.

இவர்களுக்கு முன்னரும் அறிவு இருந்தது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரத்திஸின் மருத்துவ மொழிகளை ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதின் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அரபியில் பெயர்த்தார். வெளிப்படையான காரணமின்றி அடிக்கடி கடுமையாக மூர்ச்சையுறுவோர் திடீரென இறக்கக்கூடும் என்னும் எச்சரிக்கை அதில் உண்டு. இந்திய மண்ணிலும் மாதவ நிதானம் என்னும் வடமொழி நூல் மூர்ச்சை, பிரமம், தந்திரை எனப் பகுத்தே ஆராய்ந்தது. பகுத்துப் பார்ப்பதே மருத்துவத்தின் முதற்படி என்பதை எல்லா நாட்டு அறிஞரும் உணர்ந்திருந்தனர்.

ஆயின் ஒரு குறை இருந்தது. ஸதர் ஏன் வருகிறது என்பதற்கு, இரைப்பை முதலிய உறுப்புகளிலிருந்து ஆவிகள் மூளைக்கு ஏறுவதே காரணம் என இப்னு ஸீனா கருதினார். எழும்பொழுது ஏதோ ஒன்று தலைக்கு மேலேறுகிறது என்பது அவர் எண்ணம். உண்மையோ நேர்மாறானது. மேலேற வேண்டிய ஒன்று ஏறாமல் கீழே தங்கிவிடுகிறது. அதை அறிய மேலும் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

மதீனாவின் பள்ளிவாசலில்

இப்னு ஸீனாவின் நூல் எழுவதற்கு முன்பே, நின்று மயங்கியோர் பற்றிய நேரடிச் செய்திகள் நமது ஹதீஸ் நூல்களில் பதிவாகிவிட்டன. அவற்றை வணக்கச் சட்டங்களுக்காக ஓதுகிறோம். மனித உடலின் வரலாறாகவும் அவற்றை ஓதலாம்.

கி.பி. 632 ஜனவரியில் மதீனாவில் சூரிய கிரகணம் பிடித்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிக நீண்ட நேரம் நின்று தொழுவித்தார்கள். அத்தொழுகையில் நின்ற அஸ்மா பின்த் அபூபக்ர் (ரலி) அவர்களைக் கஷ்யு சூழ்ந்தது. அவர்கள் அருகிலிருந்த தோற்பையைத் திறந்து தம் தலையில் நீரை ஊற்றிக்கொண்டார்கள். இது புகாரீயில் உள்ளது. முஸ்லிம் நூலின் அறிவிப்பில் இன்னொரு நுட்பம் காணப்படுகிறது. உட்கார்ந்துவிடலாமா என்று எண்ணும்பொழுதெல்லாம், தம்மைவிடப் பலவீனமான பெண்மணி ஒருவர் நிற்பதைக் கண்டு, இவரே நிற்கிறாரே என்று தாமும் நின்றார்களாம். பிறர் முன் உட்கார மனம் ஒப்பாத அந்த நாணம் இன்றும் நம் பள்ளிவாசல்களின் வரிசைகளில் நிற்கிறது.

இமாம் புகாரீ (ரஹ்) இச்செய்தியை ஒளுப் பற்றிய பாடத்தில் கொண்டுவந்து, கடுமையான கஷ்யினால் அன்றி ஒளு முறியாது என்னும் கருத்துக்குச் சான்றாக வைத்தார்கள். நினைவு தப்பாத இலேசான மயக்கம் வேறு. நினைவு தப்பிய மூர்ச்சை வேறு. இன்றைய மருத்துவரும் இவ்விரண்டையும் வெவ்வேறாகவே பதிவு செய்கின்றனர். சட்ட அறிஞருக்கு ஒளுவின் தேவை. மருத்துவருக்கு நோயறிதலின் தேவை. இருவரும் கோடு கிழித்த இடம் ஒன்றாயிற்று.

பசியினால் வரும் மயக்கமும் அந்நாளில் தெரிந்தே இருந்தது. திண்ணைத் தோழர்கள் சிலர் தொழுகையில் நின்றபடியே பசியால் சாய்ந்து விழுவார்கள் என்றும், அதைக் கண்ட நாட்டுப்புற அரபியர் அவர்களைப் பித்தர்கள் என்றனர் என்றும் திர்மிதீயில் வருகிறது. அபூஹுரைரா (ரலி) அவர்கள் மிம்பருக்கும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறைக்கும் இடையே மயங்கி விழுவார்களாம். வந்தவர் பைத்தியமெனக் கருதி அவர்களின் கழுத்தில் காலை வைப்பாராம். பைத்தியம் ஏதுமில்லை, பசிதான் என்று அவர்களே பின்னாளில் விளக்கினார்கள். காரணத்தை அறியாதவர் மயங்கியவரைக் குற்றவாளியாகவும் பித்தராகவும் கண்டனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இவற்றுள் நெஞ்சை உருக்குவது நாயகம் (ஸல்) அவர்களின் இறுதி நோய் பற்றிய செய்தி. மக்கள் தொழுதுவிட்டார்களா என்று கேட்டார்கள்; தங்களை எதிர்பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லப்பட்டது. தொட்டியில் நீர் வைக்கச் சொல்லிக் குளித்தார்கள். எழ முயன்றார்கள், மயங்கினார்கள். தெளிந்ததும் அதே கேள்வி, மீண்டும் குளியல், மீண்டும் எழ முயற்சி, மீண்டும் மயக்கம். மூன்று முறை இவ்வாறு நிகழ்ந்தபின் அபூபக்ர் (ரலி) அவர்களைத் தொழுவிக்கச் சொல்லி அனுப்பினார்கள். பிறகு உடல் சற்று இலேசானபொழுது இருவர் தாங்க வந்து, உட்கார்ந்தபடியே தொழுதார்கள். உம்மத்தின் தலைவர் உட்கார்ந்தார், தொழுகை குறைவுபடவில்லை.

குருதி அளக்கப்பட்ட கதை

இனிக் காரணத்துக்கு வருவோம். ஸதரின் மூலத்தை அறிய, குருதி எவ்வழியே ஓடுகிறது என்பதும், அது எவ்வளவு அழுத்தத்துடன் ஓடுகிறது என்பதும் முதலில் தெரிய வேண்டும்.

இவ்வழியில் முதல் அடியை எடுத்து வைத்தோருள் ஒருவர், 1288-இல் கெய்ரோவில் மறைந்த இப்னுன் நஃபீஸ். இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ளன என்ற காலனின் கொள்கையை மறுத்து, குருதி வலப்புறத்திலிருந்து நுரையீரல் சென்றே இடப்புறம் வருகிறது என்று அவர் எழுதினார். அந்த உரைநூலின் கையெழுத்துப் பிரதி ஒன்றை 1924-இல் பெர்லினில் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் தத்தாவீ கண்டெடுத்த பின்னரே உலகம் இதை மீண்டும் அறிந்தது. உடல் முழுவதும் குருதி சுற்றி வருவதை 1628-இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி நிறுவினார். 1733-இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் பாதிரியார், குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்திக் குருதி எட்டடிக்கு மேல் ஏறியதைக் கண்டு வெளியிட்டார். மனிதனைக் காயப்படுத்தாமல் அழுத்தத்தை அளக்கும் கைப்பட்டையை 1896-இல் இத்தாலியின் ரிவா-ரோச்சி அமைத்தார். 1905-இல் ரஷ்யாவின் கொரோட்காஃப், அப்பட்டையின் கீழ்ச் செவிக்குழாய் வைத்துக் கேட்கும் முறையைச் சொன்னார். இன்று மருத்துவர் நம் கையில் பட்டை சுற்றி அளக்கும் முறை இவ்விருவரின் கொடை.

குருமூர்த்தத்தில் அவ்விளைஞர் கதவைப் பற்றி நின்ற 1897-இல் இக்கருவி பிறந்து ஓராண்டே ஆகியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். அதற்கு முன் எந்நாட்டு மருத்துவராலும் படுத்திருக்கும் மனிதனின் அழுத்தத்தையும் நிற்கும் மனிதனின் அழுத்தத்தையும் கைப்பட்டை கொண்டு ஒப்பிட்டிருக்க முடியாது. ஆகவே இப்னு ஸீனா காரணத்தில் தவறியது வியப்பன்று; கருவியே இல்லாமல் நோயை அத்துணைச் சரியாக வரையறுத்ததே வியப்பு.

1925-இல் அமெரிக்க மருத்துவர்களான பிராட்பரியும் எகில்ஸ்டனும் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினர். அவர்கள் படுத்திருக்கும்பொழுது நலமாக இருந்தனர். நின்றால் குருதியழுத்தம் வீழ்ந்து மயங்கினர். நாடி வேகம் கூடவில்லை, வியர்வையும் குறைவு. எழுந்து நிற்கும்பொழுது அழுத்தம் வீழும் நிலை இவ்வாறு தனி நோயாக ஏட்டில் ஏறியது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதும், அவை மூளைக்குச் செய்தி அனுப்புவதும் ஆராயப்பட்டன. இத்துறையில் உழைத்த பெல்ஜியத்தின் ஹேமன்ஸ் 1938-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றார்.

நடப்பது இதுதான். நாம் எழுந்து நின்றவுடன் ஏறத்தாழ அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை குருதி நெஞ்சிலிருந்து இறங்கிக் கால்களிலும் வயிற்றிலும் தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைகிறது. கழுத்திலுள்ள காவலர்கள் அதை நொடியில் உணர்ந்து செய்தி விடுக்கின்றனர். இதயம் விரைந்து துடிக்கிறது, குழாய்கள் சுருங்குகின்றன, கெண்டைக்கால் தசைகள் குருதியை மேலே பிழிந்து தள்ளுகின்றன. இவ்வேற்பாடு தாமதித்தால் கண் இருள்கிறது. தவறினால் மனிதன் விழுகிறான். விழுந்து கிடையாகப் படுத்ததும் குருதி தானே மூளைக்குச் சேர்கிறது, நினைவு திரும்புகிறது. விழுதலே இங்கு உடல் தனக்குச் செய்துகொள்ளும் முதலுதவி.

பித்தம் என்ற சொல்லுக்குள் மறைபவை

எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 அளவோ, கீழ் அழுத்தம் 10 அளவோ குறைந்தால் அதை நோயெனக் கொள்வது இன்றைய மருத்துவ வழக்கு. அதற்கான காரணங்கள் பல.

முதலாவது, உடலில் நீரும் உப்பும் குறைதல். வெயில், வியர்வை, வாந்தி பேதி, நெடுநேரம் நீர் அருந்தாமை ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது, குருதி குறைதல். மூலம், இரைப்பைப் புண், பெண்களுக்கு மிகுதியான மாதப்போக்கு ஆகியவற்றால் மெல்ல மெல்லக் குருதி வற்றும். வீட்டில் எல்லோருக்கும் பின் உண்ணும் தாய் ஒருத்தி ஆண்டுக்கணக்கில் ‘பித்த மயக்கம்’ என்று சொல்லிக்கொண்டே சோகையில் வாடுவது நம்மிடையே அரிதான காட்சியா? மூன்றாவது, நெடுநாள் படுக்கை. நோயிலோ பிரசவத்திலோ படுத்தெழுந்தவரின் உடல் நிற்கும் பழக்கத்தை மறந்திருக்கும். நான்காவது, நீரிழிவு. பல ஆண்டுகள் நீடித்த சர்க்கரை நோய் கண்ணையும் காலையும் தாக்குவதுபோல், குழாய்களைச் சுருக்கும் நரம்புகளையும் தாக்குகிறது. நடுக்கவாத நோயிலும் இது நேரும்.

ஐந்தாவது, மருந்து. இதற்கும் நம் நாட்டில் ஒரு வரலாறு உண்டு. சர்ப்பகந்தி என்னும் மூலிகை பழங்காலம் தொட்டு இந்திய மருத்துவத்தில் வழங்கியது. 1931-இல் ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கீ அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, டெல்லியின் ஹகீம் அஜ்மல்கான் நினைவாக அதற்கு ‘அஜ்மலின்’ எனப் பெயரிட்டார். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், அவ்வேர் உயர் குருதியழுத்தத்தைத் தணிப்பதைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் (British Heart Journal) எழுதி உலகறியச் செய்தார். அழுத்தத்தைத் தணிக்கும் மருந்து, அளவு மிகுந்தால் எழும்பொழுது மயக்கமும் தரும். இன்று வழங்கும் அழுத்த மாத்திரைகள், சிறுநீர் பெருக்கிகள், முதிய ஆண்களுக்குச் சிறுநீர்த் தடைக்காகத் தரப்படும் சில மாத்திரைகள், மனநோய் மருந்துகள் பலவும் இத்தகையனவே. இதற்காக மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவது பேராபத்து. தந்த மருத்துவரிடம் சொல்லி அளவையும் வேளையையும் மாற்றிக்கொள்வதே முறை.

ஆறாவது, இதயம். அதன் துடிப்பு ஒழுங்கு தவறினாலும், அதன் வாயில் குறுகினாலும் மூர்ச்சை வரும். முன்னறிகுறியின்றி வீழ்தல், ஓடும்பொழுதோ சுமை தூக்கும்பொழுதோ வீழ்தல், நெஞ்சுவலியுடன் வீழ்தல், குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் இருத்தல் ஆகியவை இவ்வகையைச் சுட்டும். ஹிப்போகிரத்திஸின் பழைய எச்சரிக்கை இவர்களுக்கே பொருந்தும். இவர்கள் நாள் கடத்தலாகாது. மலம் கருமையாகப் போவதும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டிய அறிகுறி.

படுக்கையில் புரளும்பொழுது உலகமே சுழல்வதாகத் தோன்றினால் அது பெரும்பாலும் உட்காதின் நோய். இப்னு ஸீனாவின் சொல்லில் துவார். அதற்கு மருத்துவம் வேறு. இளம்பெண்கள் சிலருக்கு நின்றால் அழுத்தம் குறையாமலே நாடி மட்டும் நிமிடத்துக்கு 30-க்கு மேல் ஏறித் தலை கிறுகிறுக்கும். 1993-இல்தான் இந்நிலைக்கு இன்றைய பெயர் நிலைத்தது. அதற்கு முன் எத்தனை பெண்கள் ‘பாசாங்கு’ என்ற பழியைச் சுமந்தார்களோ!

மயங்கியவரைக் கண்டால் செய்ய வேண்டுவது எளிது. திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவுகளில் பதினான்கு கிலோமீட்டர் மலையை வலம் வருவோருள் வெறுங்காலுடன், உண்ணாமல் நடப்போர் உண்டு. கார்த்திகைத் தீபத்தன்று பெருங்கூட்டம் மணிக்கணக்கில் நிற்கும். அதற்காகவே மருத்துவ முகாம்கள் அமைக்கப்படுகின்றன. இத்தகைய இடங்களில் ஒருவர் சாய்ந்தால் நால்வர் சூழ்ந்து அவரைத் தூக்கி நிறுத்துவதும், நாற்காலியில் உட்கார வைத்து வாயில் நீர் ஊற்றுவதும் வழக்கம். அன்பினால் செய்யும் தவறு அது. மூளைக்குக் குருதி வேண்டி உடல் படுத்திருக்கிறது. நாமோ அதை நிமிர்த்துகிறோம். படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்திக் காற்றுக்கு வழிவிட வேண்டும். நினைவு முழுதும் திரும்பிய பின்னரே நீர் தரலாம்.

உட்காருவதற்கான உரிமை

இறுதியாக, நம்மவர்க்கு உரிய செய்தி ஒன்று. தொழுகையில் தலை தரையில் இருக்கும் நிலையிலிருந்து நேரே நிற்கும் நிலைக்கு எழுகிறோம். நோயுற்ற உடலுக்கு இதைவிடக் கடினமான சோதனை இல்லை. ரமலானில் பகல் முழுதும் நீரருந்தாத முதியவர், அழுத்த மாத்திரையும் உண்டு, தராவீஹில் நெடுநேரம் நிற்கிறார். கண் இருள்கிறது, சொல்ல நாணுகிறார். பக்கத்தில் தம்மினும் மூத்தவர் நிற்கிறாரே என்று அஸ்மா (ரலி) அவர்களைப்போல் எண்ணுகிறார். ஒருநாள் விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. அதன்பின் அவர் நிற்பதே இல்லை.

இவருக்குச் சட்டம் என்ன சொல்கிறது? மூல நோயுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழவும், இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்தும் தொழவும் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். வெயிலில் உட்காராமல் நிற்பதாக நேர்ச்சை செய்தவரை நிழலில் உட்காரச் சொன்னார்கள். அவருடைய நோன்பை மட்டும் நிறைவு செய்யச் சொன்னார்கள். இரு தூண்களுக்கிடையே கயிறு கட்டி, தளரும்பொழுது அதைப் பற்றி நின்று தொழுத அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் கயிற்றை அவிழ்க்கச் செய்து, தளர்ந்தால் உட்காருக என்றார்கள். ஷாஃபிஈ சட்ட நூல்கள், கப்பலில் செல்பவர் தலைச்சுற்றலை அஞ்சினால் உட்கார்ந்து தொழலாம் என்கின்றன. கடலோடிகளான நம் காயல், கீழக்கரை முன்னோர்க்கு இச்சட்டம் நன்கு பயன்பட்டிருக்கும். ஹனஃபி நூலான ‘துர்ருல் முக்தார்’ நோயாளியின் தொழுகை பற்றிய பாடத்தில், நிற்பதால் வரும் தலைச்சுற்றலைப் பெயர் சொல்லியே காரணங்களுள் சேர்க்கிறது. இரு மத்ஹபுகளும் ஸதருக்கு நாற்காலி போட்டுவிட்டன; நாம்தான் அமர மறுக்கிறோம்.

ஸுஜூதிலிருந்து எழுமுன் சிறிது அமர்ந்து எழும் வழக்கம் ஒன்றும் உண்டு. மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பை ஒட்டி ஷாஃபிஈயினர் அதைச் ஸுன்னத் என்பர்; முதுமையின் தளர்ச்சியால் அவ்வாறு செய்யப்பட்டது என ஹனஃபியினர் கொள்வர். படுக்கையிலிருந்து எழுவோர் சிறிது நேரம் ஓரத்தில் அமர்ந்த பின்னரே நிற்க வேண்டும் என்று மருத்துவர் சொல்வதும் இதையொத்ததே. இதனை விஞ்ஞான அற்புதம் என்று பறைசாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. வணக்கம் வணக்கமாகவே இருக்கட்டும். தளர்ந்த உடலுக்கு இடம் கொடுத்த ஷரீஅத் என்று சொன்னால் அதுவே போதுமான பெருமை.

எனவே ஜமாஅத்தினர் செய்ய வேண்டுவன இரண்டு. பள்ளிவாசலில் உட்கார்ந்து தொழும் முதியவரை ஏளனமாகவோ இரக்கமாகவோ நோக்காதிருப்பது ஒன்று. ரமலானுக்கு முன்பே, மாத்திரை உண்பவர்களை மருத்துவரிடம் சென்று நோன்பைப் பற்றியும் மருந்து வேளையைப் பற்றியும் கேட்டுவரத் தூண்டுவது மற்றொன்று. இல்லத்தில் எவரேனும் ‘எழுந்தால் கண்ணை இருட்டுகிறது’ என்றால், பித்தம் என்று வாயடைக்காமல், படுக்க வைத்து ஒருமுறையும் நிற்க வைத்து ஒருமுறையும் குருதியழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான். அக்கருவி இப்னு ஸீனாவுக்குக் கிடைக்கவில்லை. நமக்குத் தெருமுனை மருந்தகத்திலேயே கிடைக்கிறது.